படிக்குமுன் எழுதப்படும் தீர்ப்புகள்

ஒரு நூலைப் பற்றி வாசகர் ஒருவர் கருத்துரைக்கும்போது, அக்கருத்து நூலிலிருந்து பிறந்ததா, நூலைத் திறக்குமுன்னரே அவர் உள்ளத்தில் குடிகொண்டிருந்ததா என்று பிரித்தறிவது எளிதன்று. நூல் விமர்சனம் என்ற பெயரில் நாம் கேட்பவற்றுள் பெரும்பகுதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நூலாசிரியர் பேசத் தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

தடைசெய்யப்பட்ட நூல்களின் அட்டவணை ஒன்றைத் திருச்சபை நெடுங்காலம் வைத்திருந்தது. திருத்தந்தை நான்காம் பவுல் 1559இல் வெளியிட்ட அட்டவணையில் தொடங்கிய அவ்வழக்கம், 1966இல் சட்டவலிமை இழந்தது. அதன்பின், எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது என்ற பொறுப்பு பெரும்பாலும் இறைமக்களின் மனச்சான்றிடமே ஒப்படைக்கப்பட்டது. உரோமை தன் அட்டவணையை மூடிவிட்டது. நாமோ நம் நெஞ்சுக்குள் ஆளுக்கொரு சிறிய அட்டவணையை இன்னும் பேணி வருகிறோம். போர் வரலாறு, கருத்தடை, இரஷ்யப் புனைகதை ஆகிய மூன்று துறைகளிலும் இந்த அக அட்டவணை எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சில நூல்களைக் கொண்டு ஆராய்வோம்.

முதலில் போர் வரலாறு. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஆன்டனி பீவர் எழுதிய 'ஸ்டாலின்கிராடு' 1998இலும், 'பெர்லின்' 2002இலும் வெளிவந்தன. தளபதிகளின் திட்டங்களோடு நின்றுவிடாமல், பசியால் வாடிய படைவீரரையும் இடிபாடுகளில் ஒளிந்திருந்த குடிமக்களையும் அவர் நமக்குக் காட்டுகிறார். நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, போரின் பெரும்போக்கு சில இடங்களில் கண்ணுக்கு மறைந்துவிடுவது இந்நூல்களின் குறை. ஆயினும் இவற்றுக்குக் கிடைத்த எதிர்ப்பு அக்குறையைப் பற்றியதன்று. வெற்றிபெற்ற செஞ்சேனையினர் ஜெர்மானியப் பெண்களுக்கு இழைத்த கொடுமைகளை அவர் எழுதியது இரஷ்யாவில் பெருஞ்சினத்தை எழுப்பியது. 2015இல் இரஷ்யாவின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் மாநிலம் அவருடைய நூல்களைப் பள்ளி நூலகங்களிலிருந்து நீக்கப் பணித்தது. 2018இல் உக்ரைன் அரசு, 'ஸ்டாலின்கிராடு' நூலின் இரஷ்ய மொழிபெயர்ப்பை நாட்டுக்குள் வரவிடாமல் தடுத்தது. தொண்ணூறு யூதக் குழந்தைகளின் கொலையில் உக்ரேனியத் துணைப்படையினருக்கு இருந்த பங்கை அந்நூல் குறிப்பிட்டதே காரணம். பகைமை கொண்ட இரு நாடுகளும் ஒரே ஆசிரியரைத் தள்ளிவைத்தன. தம் எதிரியின் குற்றம் பேசும் பக்கங்களில் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் இல்லை. தம் குற்றம் பேசும் பக்கங்களே பொய்யாகத் தோன்றின.

பிறரைப் பற்றி இவ்வாறு சொல்வது நமக்கு எளிது. ஆனால் அந்தத் தொண்ணூறு குழந்தைகளின் வரலாறு நம்மையும் விட்டுவைப்பதில்லை. 1941 ஆகஸ்டில் உக்ரைனின் பிலா செர்க்வா நகரில் பெற்றோர் சுட்டுக் கொல்லப்பட்டபின், அக்குழந்தைகள் ஒரு வீட்டில் உணவும் நீருமின்றி அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களின் அழுகுரலைக் கேட்ட ஜெர்மானிய வீரர்கள் படையின் ஆன்மகுருக்களிடம் முறையிட்டனர். கத்தோலிக்கக் குருக்களான எர்ன்ஸ்ட் டேவெஸ், யோசேப் மரிய ராய்ஸ் ஆகியோரும், புரொட்டஸ்டாண்டு குருக்கள் இருவரும் அவ்வீட்டைப் பார்த்து மேலிடத்துக்கு அறிக்கை அளித்தனர். குரோஸ்கூர்ட் என்னும் படை அதிகாரி கொலையைத் தடுக்க முயன்று, சிறிது காலம் தள்ளிவைக்கவும் செய்தார். இறுதியில் ஆறாம் படையின் தலைவர் ரைகெனாவ் ஒப்புதல் தர, ஆகஸ்டு 22ஆம் நாள் குழந்தைகள் சுடப்பட்டனர்.

இவ்வரலாற்றைப் படிக்கும் கத்தோலிக்கருள் ஒரு சாரார், "நம் குருக்கள் வாய்திறந்தனரே" என்று பெருமை கொள்ளக்கூடும். மற்றொரு சாரார், "திருச்சபை என்ன செய்துவிட்டது?" என்று கைவிரிக்கக்கூடும். ஆவணங்கள் இருவருக்கும் வசதியாக இல்லை. குருக்கள் அங்கே சென்றனர், கண்டனர், எழுதினர்; அது உண்மை. எழுதிய மொழியோ அடக்கமான அலுவலக மொழி. குழந்தைகளின் அவல நிலையை அது விவரிக்கிறது. இத்தகையவை பலர் பார்வையில் நடப்பது விரும்பத்தக்கதன்று என்கிறது. கொலை பாவம் என்ற குரல் அங்கே ஓங்கி ஒலிக்கவில்லை. அன்றைய அச்சத்தில் அவ்வளவே இயன்றதா, அதற்குமேல் இயன்றிருக்குமா என்ற கேள்வியைச் சுமப்பதுதான் அந்தப் பக்கங்களைப் படிப்பது ஆகும். பெருமையும் வெறுப்பும் அந்தச் சுமையை இறக்கி வைக்கும் இரு வழிகளே.

அக்குருக்களுள் ஒருவரான ராய்ஸ் பின்னர் மைன்ஸ் மறைமாவட்டத்தின் துணை ஆயரானார். கருத்தடை பற்றி ஆராயத் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1963இல் நிறுவி, ஆறாம் பவுல் விரிவாக்கிய குழுவில் இடம்பெற்று, மாற்றத்தை ஆதரித்தோர் பக்கம் நின்றார். குழுவின் பெரும்பான்மை 1966இல் அக்கருத்தையே அளித்தது. திருத்தந்தை அதனை ஏற்கவில்லை. 1968 ஜூலை 25ஆம் நாள் கையொப்பமிட்ட 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலில் திருச்சபையின் மரபுப் போதனையை உறுதிப்படுத்தினார்.

நம் இரண்டாவது துறை இங்கே தொடங்குகிறது. படிக்காமலே கருத்துக் கூறும் வழக்கம் இத்துறையில் போல் வேறெங்கும் வேரூன்றவில்லை. சுற்றுமடல் நீண்டதன்று, முப்பத்தொரு பத்திகளே. அதனைத் தூக்கிப்பிடிப்போரும் தூற்றுவோரும் பெரும்பாலும் பதினான்காம் பத்தியின் தடையை மட்டுமே அறிவர். பொறுப்புள்ள பெற்றோர் நிலை பற்றிப் பத்தாம் பத்தி கூறுவதும், தம்பதியரிடம் பொறுமையும் பரிவும் காட்டுமாறு இருபத்தொன்பதாம் பத்தி குருக்களைக் கேட்பதும் காதில் விழுவதில்லை. குடும்பத்தின் அந்தரங்கத்தில் அரசுகள் கருத்தடையைத் திணிக்கக்கூடும் எனப் பதினேழாம் பத்தி எச்சரித்தது. 1975 முதல் 1977 வரை நீடித்த நெருக்கடி நிலையில் கட்டாயக் கருத்தடை அறுவைகளைக் கண்ட நம் நாட்டினர் அந்தப் பத்தியை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

இதற்கு மூன்றாண்டுகள் முன், 1965இல், அமெரிக்கச் சட்டப் பேராசிரியரும் கத்தோலிக்கருமான ஜான் நூனன் 'கருத்தடை' என்ற பெருநூலை வெளியிட்டார். இறையியலாரும் திருச்சபைச் சட்ட வல்லுநரும் இப்பொருளை நூற்றாண்டுகள்தோறும் எவ்வாறு அணுகினர் என்பதே அதன் உள்ளடக்கம். மாற்றத்தை விரும்பியோர் அதனை ஆயுதமாக்கினர். விரும்பாதோர் அதனை ஐயத்தோடு ஒதுக்கினர். இரு சாராரும் இழந்தது அதன் நடுப்பொருளை. திருமணத்தையும் பிறப்பையுமே தீமை என்று கருதிய மானிக்கேயர் முதலிய தப்பறையாளருக்கு எதிராகத் திருச்சபை வாழ்வின் பக்கம் நின்றதை நூனன் காட்டுகிறார். மகப்பேறு நன்மையானது, குழந்தையைப் பேணி வளர்ப்பதில்தான் அது முழுமை பெறும், மாசற்ற உயிர் புனிதமானது, துணைவரின் மாண்பு மதிக்கப்பட வேண்டும், இல்லற அன்பு தூயது என்ற மதிப்பீடுகளைக் காக்கவே விதிகள் எழுந்தன என்பது அவர் வாதம். விதிகள் மாறலாம் என்ற அவருடைய முடிவைச் சுற்றுமடல் ஏற்கவில்லை என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. அவ்வாறே, திருச்சபை ஏன் அவ்விதிகளைச் சுமந்தது என்பதை இத்துணை மரியாதையோடு விளக்கிய நூல் வேறு அரிது என்பதையும் மறைக்கலாகாது. நடை கடினமானது, வழக்குமன்றத் தீர்ப்புப் போல் வறண்டது; எனினும் நேர்மையானது.

மூன்றாவதாக இரஷ்யப் புனைகதை. மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த மொழிபெயர்ப்புகளால் தமிழருக்கு இவ்விலக்கியம் அந்நியமன்று. ஆயினும் "பெயர்கள் நினைவில் நிற்பதில்லை" என்பது நம்மிடையே வழங்கும் பழைய புகார். தந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சூடும் நமக்கு, 'அன்னா செம்யோனவ்னா' என்பவள் செம்யோன் மகள் அன்னா என்று விளங்கிக்கொள்வதில் என்ன தடை? உண்மையான தடை வேறு. இறைநம்பிக்கையற்ற நாட்டின் எழுத்து நமக்கு என்ன கற்பிக்கும் என்ற எண்ணமே அது.

வசீலி கிராஸ்மனின் 'வாழ்வும் விதியும்' இந்த எண்ணத்துக்கு நல்ல மருந்து. பிலா செர்க்வாவின் குழந்தைகள் மடிந்த அதே உக்ரைன் மண்ணில், அடுத்த மாதமே, பெர்திச்சேவில் அவருடைய தாய் கொல்லப்பட்டார். 1961இல் சோவியத் உளவுத்துறை நாவலின் கையெழுத்துப் படிகளோடு தட்டச்சு நாடாக்களையும் பறித்துச் சென்றது. ஆசிரியர் 1964இல் இறந்தார். நூல் 1980இல் சுவிட்சர்லாந்தில்தான் வெளிவந்தது. நாவலில் நீண்ட உரையாடல்கள் கதையைத் தேக்குகின்றன. மாந்தரோ மிகப் பலர். ஆனால் ஒரு காட்சி கத்தோலிக்க வாசகரை உறங்கவிடாது.

ஜெர்மானிய முகாமொன்றில் இக்கோனிக்கோவ் என்னும் கைதி, தாங்கள் கட்டுவது மனிதரைக் கொல்லும் கூடம் என்று அறிகிறான். கார்தி என்ற இத்தாலியக் குருவிடம், தான் செய்ய வேண்டியது என்ன என்று கேட்கிறான். எல்லாரும் அங்கே வேலை செய்கின்றனர், நாம் அடிமைகள், கடவுள் மன்னிப்பார் என்கிறார் குரு. அந்த மன்னிப்பு தனக்கு வேண்டாம் என்று மறுக்கிறான் கைதி. குருவோ அவனுடைய அழுக்குப் படிந்த கையைப் பற்றி முத்தமிடுகிறார். பின்னர், அவ்வேலையை மறுத்ததற்காக அவன் கொல்லப்படுகிறான்.

இதனைக் குருத்துவத்தின்மீது தொடுத்த தாக்குதல் என்று ஒருவர் புத்தகத்தை மூடலாம். முத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொருவர் மகிழலாம். இரண்டும் அரைவாசிப்பு. மன்னிப்பைப் பற்றிய நம் பேச்சு, தீமைக்கு உடன்படுவதற்குத் திரையாகும் நேரம் உண்டு என்பதைக் காட்சியின் முற்பகுதி உணர்த்துகிறது. அதை உணர்ந்த மறுகணமே ஒரு குரு தலைவணங்க முடியும் என்பதைப் பிற்பகுதி உணர்த்துகிறது. நம்பிக்கை கொண்டவரல்லாத ஓர் எழுத்தாளர் நமக்கு நடத்தும் ஆன்மச் சோதனை இது.

பிறர் கூற்றைக் கண்டிக்க விரைவதைவிட அதற்கு நல்ல பொருள் காண விரைய வேண்டும் என்று புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே அறிவுறுத்தினார். இது எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் கோழைத்தனமன்று; பொருளை முழுதும் கேட்டறிந்த பின்னரே திருத்த முற்படும் ஒழுங்கு. பரிசேயர் கூடியிருந்த அவையில், ஒருவர் சொல்லைக் கேளாமல் நம் சட்டம் அவரைத் தீர்ப்பிடுமோ என்று நிக்கதேம் வினவியதும் இந்த ஒழுங்கைக் காக்கவே.

எனவே பங்கு நூலகத்திலோ வாசகர் வட்டத்திலோ ஒரு நூலைப் பற்றிப் பேச எழும் நம் பொதுநிலையினரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. நூல் என்ன கூறுகிறது என்பதை, அதன் ஆசிரியரே தலையசைக்கும் வண்ணம் முதலில் எடுத்துரையுங்கள். அது உங்களை எந்தப் பக்கத்தில் சுட்டது என்பதை அடுத்துச் சொல்லுங்கள். நூல் நன்றா தீதா என்ற தீர்ப்பை அதன்பின் கேட்டுக்கொள்கிறோம்.