பனிச்சங்கேணியின் நண்டும் பிட்டும்

ஜப்பான் தேசத்தில் யாத்திரை செய்வோர், பெரிய ரயில் நிலையங்கள்தோறும் அவ்வவ்வூர் மீனையும் சோற்றையும் அடக்கி விற்கும் எக்கிபென் என்னும் உணவுப் பெட்டியை வாங்கியுண்டு, கண்ணாற் கண்ட ஊரை நாவாலும் அறிந்துகொள்வர். அத்தகைய ரசனையுடையோர் மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்வாராயின், வாழைச்சேனையும் மாங்கேணியும் கடந்தபின், பனிச்சங்கேணிப் பாலத்தருகே இறங்காமற் போவது பெருங்குறை என்பேன்.

மேற்கே கண்டல் மரங்கள் வேரூன்றிய களப்பு. கிழக்கே வங்கக் கடல். மாரியில் உள்நாட்டு வெள்ளம் வந்து நிறைய, கோடையில் உவர் ஏற, இரண்டுக்கும் இசைந்த உயிர்களே இந்நீரில் கொழுக்கின்றன. 1498ஆம் ஆண்டுப் பூகம்பத்தாற் கடலோடு கலந்த ஜப்பானின் ஹமனா ஏரி விலாங்கு மீனுக்குப் பேர்போனது. நமது களப்புக்கோ நண்டே கீர்த்தி. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் அதையடுத்த யுத்தமும் குடிகளைச் சிதறடித்த இக்கரையில், மீண்டும் வலை காய்வதைக் காண்பதே ஒரு பாக்கியம்.

நண்டைத் தெரிவதிலேயே கலை தொடங்கிவிடுகிறது. ஓடு கழற்றிய புதிதில் நண்டின் உள்ளே சதையினும் நீரே மிகுதி. ஆதலால் தேர்ந்த கை, அடிவயிற்றோட்டை விரலால் அழுத்தி, அது நெகிழாது நின்றால் மட்டுமே ஏற்கும். பிளந்து, கால்களை அம்மிக்குழவியால் மெல்லத் தட்டி, வறுத்துத் திரித்த தூளும் றம்பையும் இரண்டாம் பாலுமாகக் கொதிக்கவைத்து, முதற்பாலை ஈற்றில் ஊற்றி, இறக்குந் தறுவாயில் ஒரு பிடி முருங்கையிலை தூவும்போது எழும் வாசனை முற்றத்தைக் கடந்து தெருவுக்கே வந்துவிடும்.

இதற்குத் துணை பிட்டேயன்றிச் சோறு அன்று. வறுத்த சிவப்பரிசி மாவிற் கொதிநீர் தெளித்துக் குழைத்து, சுண்டின் விளிம்பாற் கொத்திக் கொத்தி, கட்டியுமாகாது தூளுமாகாது மணிமணியாக உதிரும் பதத்திலே நிறுத்துவது ஆண்டுக்கணக்கிற் பழகிய கைக்கே வாய்க்கும் நுட்பம். தேங்காய்ப்பூ இடையிட்டுக் குழலில் அவித்தெடுத்த பிட்டைக் குழம்பிலே நனைத்தால் ஒவ்வொரு மணியும் சாற்றை உறிஞ்சியும் தன் உருவை இழப்பதில்லை. இலங்கை நண்டு சிங்கப்பூர் உணவுச்சாலைகளிற் பெருவிலை பெறுவது உண்மையே. ஆனால் பிடித்த கரையிலேயே, பிட்டோடு, விரல்களால் ஓடுடைத்து உண்ணும் சுவை அங்கே கிட்டுமென்று நான் நம்பவில்லை.

ஆடி உற்சவத்துக்காக வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள், வெருகல் முருகனை வணங்கி இவ்வழியே வருவர். விரதியராகிய அவர்களுக்கு நண்டு ஆகாது. அவர்கள் வாழைப்பழமும் சீனியும் சேர்த்து, சட்டியில் உறைந்த எருமைத் தயிரோடு அதே பிட்டை உண்ணலாம். அதுவும் குறைந்த விருந்தன்று.