மாநாட்டு மலரில் மறைந்த ஊர்

தமிழில் 'பட்டினம்' என்னும் சொல்லுக்குக் கடற்கரை நகர் என்பதே பொருள். காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், காயல்பட்டினம் எனக் கரை நெடுகப் பட்டினங்களைக் கண்ட மக்கள் நாம். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி இத்தகைய கரையோர ஊர்களை ஒட்டியே வளர்ந்தது. ஆதலின் இலக்கிய மாநாடு ஒன்று இங்குக் கூடுவது தாய்வீட்டு விருந்து போன்றதாகும். ஆனால் விருந்துக்கு வருவோர் தாயிடம் இரண்டு சொல் பேசாமலே திரும்பிவிடுகின்றனர். இதுவே நம் குறை.

1973இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடும், 1978இல் காயல்பட்டினத்தில் கூடிய மாநாடும், அவற்றைத் தொடர்ந்தவையும் ஆற்றிய பணி பெரிது. பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த நூல்கள் பலவற்றை அவை ஆய்வாளரின் பார்வைக்குக் கொணர்ந்தன. அதனை மறுப்பார் இலர். நாம் ஈண்டுத் திறனாயப் புகுவது மாநாடுகளை அன்று; மாநாட்டு மலர்களில் 'ஊர்ச் சிறப்பு' என வெளிவரும் கட்டுரைகளையே.

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தின் பொருட்டு நாம் காயல்பட்டினம் சென்றிருந்தோம். செல்லுமுன், வெவ்வேறு மலர்களில் அவ்வூரைப் பற்றி வந்த கட்டுரைகள் சிலவற்றைப் படித்துக்கொண்டோம். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மார்கோ போலோ வருவார், குதிரைகள் இறங்கும், முத்துக் குளிப்பு நடக்கும், பின்னர்ப் புலவர் பெயர்களின் நீண்ட வரிசை தொடரும், வாழ்த்துடன் கட்டுரை முடியும்.

சொல்லப்படுபவை பொய்யல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கள் காயலை அடைந்ததைக் குறித்துள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபும் இக்குதிரை வாணிகத்தை விரித்துரைக்கிறார். ஆனால் அந்தக் காயல் எது? தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்தை அடுத்த பழையகாயலே அது என்பது அவ்விடத்தை ஆராய்ந்த கால்டுவெல்லின் முடிவு. பழையகாயலுக்கும் இன்றைய காயல்பட்டினத்துக்கும் உள்ள உறவை ஆராய்வதே கட்டுரையாளரின் முதற் கடமை. மலர்களோ இரண்டையும் ஒன்றாக்கி ஒரே வரியில் கடந்து விடுகின்றன.

ஊர்ப்பெயரிலும் இதே அவசரம். எகிப்தின் காஹிராவே திரிந்து காயலாயிற்று என்று எழுதுவோர் உளர். உப்பங்கழியைக் குறிக்கும் 'காயல்' என்னும் சொல் தமிழிலேயே இருக்கின்றதே! மண் தந்த பெயரைக் கொண்டிருப்பது ஓர் ஊருக்குக் குறைவா? அரபு நாட்டோடு நமக்குள்ள உறவைக் காட்ட வேறு சான்றுகள் வேண்டிய அளவு உள்ளன. பெயரை வளைத்து அதை நிறுவ வேண்டிய தேவை நமக்கில்லை.

உமறுப்புலவரை ஈண்டு நினைத்துப் பார்க்கின்றோம். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, நெல் விளைகிறது. அறபு நாட்டில் ஏது இவ்வளவு வயல் என்று கேட்போர் உண்டு. தாம் நன்கறிந்த தமிழ் மருத நிலத்தின் வளத்தையே தாம் நேசித்த நாட்டுக்குக் காணிக்கையாக்கினார் புலவர். அவர் பாடிய வயல் அவர் கண்டு பழகிய வயல். நம் கட்டுரையாளர்களோ காயலுக்கே வந்தும், பிறர் எழுதியதைப் படித்துக் காயலை எழுதுகின்றனர்.

கூட்டத்தின் இரண்டாம் நாள், சுபுஹுத் தொழுகைக்குப் பின் நாம் தனியே நடந்தோம். தீவுத் தெரு, சதுக்கைத் தெரு, கொச்சியார் தெரு, குத்துக்கல் தெரு. ஒவ்வொரு பெயரும் நின்று கேட்கத் தூண்டுவது. வீடுகளுக்கிடையே ஒடுங்கிய சந்து ஒன்றில் நாம் திரும்ப முற்பட்டபோது, திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, அது பெண்கள் போகும் முடுக்கு, நீங்கள் இப்படி வாருங்கள்" என்று அன்போடு தடுத்தார். தம்மிடமே தேநீர் அருந்தச் சொல்லி, அந்த முடுக்குகளால் பெண்கள் அயலார் எதிர்ப்படாமல் உறவினர் வீடுகளுக்குப் போய்வரும் முறையை விளக்கினார். மணமான பின்னும் மகள் தாய்வீட்டிலேயே வாழ, மருமகன் அங்கு வந்து சேரும் வழக்கத்தையும் சொன்னார். இவ்வூரின் வீட்டமைப்பும் தெருவமைப்பும் இவ்வழக்கங்களைத் தழுவியவை என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. நாம் படித்த எந்த மலரிலும் இச்செய்தி இல்லை. ஓர் ஊரில் ஊராரைப் போல நடக்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது, எவ்வழி தமக்குரியதன்று என்பதையே.

பகல் விருந்தில் பேராளர்க்கென வேறு பந்தி போட்டிருந்தார்கள். நாம் அந்தப் பெரியவருடனும் அவர் பேரனுடனும் ஒரே சஹனில் உட்கார்ந்தோம். நெய்ச்சோறும் களறிக்கறியும் கத்தரிக்காய் மாங்காயும் பரிமாறினர். அன்று காலை மேடையில் காயல் காசிம் புலவரின் திருப்புகழைப் பற்றி ஒருவர் கட்டுரை படித்திருந்தார். சந்தக் குழிப்புகளை எண்ணிச் சொன்ன நல்ல கட்டுரைதான். அதைப் பற்றி நாம் பேச்செடுக்கவும், பெரியவர் கைகழுவி வந்து, அத்திருப்புகழில் ஒரு பாட்டை மெல்லிய குரலில் இசைத்தார். காலையில் எண்ணிக்கையாக நின்ற சந்தம் அப்போது காதில் பாட்டாக விழுந்தது. அவரை ஏன் மேடைக்கு அழைக்கவில்லை? அவர் பேராளர் அல்லர் என்பதே காரணம்.

மாலையில் அவர் வீட்டு முன்கட்டில் இருந்தோம். திரைக்கு அப்பாலிருந்து அவருடைய தமக்கையார், அரபுத் தமிழில் அச்சான மாலை நூல் ஒன்றைப் பேரனிடம் கொடுத்தனுப்பினார். தாள் பழுத்து ஓரம் உதிர்ந்திருந்தது. நாள்தோறும் ஓதுகிறாராம். பேரனோ அவ்வெழுத்தைப் படிக்க அறியாதவன். "மாநாட்டில் இதையெல்லாம் யாராவது ஓதினார்களா?" என்று அவ்வம்மையார் கேட்டார். இல்லை என்றோம். அந்த விடை நம்மையே சுட்டது.

மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அரபுத் தமிழில் ஆக்கித் தந்த நூல்களுள் தாமிரப்பட்டணக் கதை ஒன்று. மாளிகையும் செல்வமும் வைத்தது வைத்தபடி இருக்க, உயிருள்ள மாந்தர் இல்லாத நகரைப் பயணிகள் காணும் பழங்கதை அது. நம் மலர்கள் காட்டும் காயலும் ஏறத்தாழ அத்தகையதே. குதிரையும் முத்தும் உள்ளன. திண்ணைப் பெரியவரும் மாலை ஓதும் மூதாட்டியும் இல்லை. குதிரை வாணிகத்துக்கு நூல்கள் சான்றாக நிற்கும். அம்மூதாட்டி ஓதும் முறைக்கு அவர் நாவன்றி வேறு சான்று இல்லை. எதை முதலில் எழுத வேண்டும் என்பதை அன்பர்களே தீர்மானிக்கட்டும்.

மாநாட்டாருக்கு நம் வேண்டுகோள் இது. நிகழ்ச்சி நிரலில் ஒரு முற்பகலையாவது ஊருக்கென ஒதுக்குக. பேராளர்களைப் பேருந்தில் ஏற்றிக் காட்டாமல், இருவர் மூவராக ஊர்ப் பெரியவர்களோடு நடக்க விடுக. பழைய பள்ளிகளின் மீஸான் கற்களில் உள்ள அரபு எழுத்துகள் சுண்ணாம்புப் பூச்சில் மறையுமுன் படியெடுக்க இளைஞரைப் பணிக்க. மலரின் ஊர்க்கட்டுரையை அவ்வூராரைக் கொண்டே எழுதுவிக்க. பேராளர்களும் ஸலாம் உரைத்து, அனுமதி பெற்று, சொல்வதைவிடக் கேட்பதற்கே வந்தோம் என்னும் பணிவோடு தெருவில் இறங்குக.

மீண்டும் ஒருமுறை அவ்வீட்டு முன்கட்டில் அமரும் பேறு நமக்குக் கிட்டுமாயின், அத்தாயின் கேள்விக்கு "ஓதினார்கள், உம்மா, உங்கள் பேரனே ஓதினான்" என்று விடை சொல்ல விழைகின்றோம். இன்ஷா அல்லாஹ்.