வானொலிக்காகக் கழுவிய பாட்டுகள்: சில குறிப்புகள்

சீ லோ கிரீன் 2010-ல் பாடிய ஒரு பாட்டு இரண்டு பெயர்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரேடியோவில் அதன் பெயர் 'ஃபர்கெட் யூ', அதாவது 'உன்னை மறந்துட்டேன் போ'. ஒரிஜினலில் 'ஃபர்கெட்' இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தின் அந்தப் புகழ்பெற்ற நாலெழுத்து வசவு. கையில் காசில்லாத ஒருத்தன், காசுள்ளவனோடு போய்விட்ட காதலி. அவனுக்கும் ஒரு திட்டு, அவளுக்கும் ஒரு திட்டு. கதை அவ்வளவுதான்.

இரண்டில் எது நல்ல பாட்டு? 'ஒரிஜினல்தான் கலை, ரேடியோ பதிப்பு கோழைத்தனம்' என்ற பதில் இணையத்தில் எங்கும் கிடைக்கும். கொஞ்ச நாளாக இந்த மாதிரிப் பாட்டுகளை ஜோடி ஜோடியாக வைத்துக் கேட்டுக் குறிப்பெடுத்து வருகிறேன். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. சில வெட்டு பாட்டைக் கெடுக்கிறது, சில வெட்டு வேறொரு பாட்டையே உண்டாக்கிவிடுகிறது, சில வெட்டுக்கு நியாயமும் இருக்கிறது. இவை எதையும்விட என்னைத் தொந்தரவு செய்யும் இன்னொரு வெட்டு இப்போது வந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எதற்காக வெட்டுகிறார்கள்

அமெரிக்கக் கதையை மட்டும் சுருக்கமாக. 1973 அக்டோபர் 30 பிற்பகலில் நியூயார்க்கின் டபிள்யூபிஏஐ வானொலி, ஜார்ஜ் கார்லின் என்ற நகைச்சுவைக் கலைஞரின் ஒரு நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. ரேடியோவில் சொல்லக்கூடாத கெட்ட வார்த்தைகளைப் பற்றியது என்பதால் அந்த வார்த்தைகளும் வந்தன. காரில் மகனோடு போன ஒருவர் அதைக் கேட்டுப் புகார் செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு: ரேடியோ வீட்டுக்குள் நுழைகிறது, குழந்தைகள் காதில் விழுகிறது, ஆகவே சட்டப்படி ஆபாசம் என்ற அளவுக்குப் போகாத பேச்சையும் அரசு கட்டுப்படுத்தலாம். இரவு 10 முதல் காலை 6 வரை தளர்வு என்ற இன்றைய விதி இந்த வழியில் பின்னால் வந்ததுதான்.

கட்டுப்பாடு அலைவரிசைக்குத்தான், கடைக்கு இல்லை. கடைக்கு வந்தது 1985-க்குப் பிறகு. பிரின்ஸின் 'டார்லிங் நிக்கி' பாட்டைத் தன் மகள் கேட்டதில் அதிர்ந்த டிப்பர் கோர், வேறு சில பெண்மணிகளோடு சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கினார். செனட்டில் விசாரணை நடந்தது. ராக் உலகிலிருந்து ஃபிராங்க் ஜாப்பாவும் டீ ஸ்னைடரும் போய் எதிர்த்துப் பேசினார்கள். முடிவில் ஆல்பங்கள் மேல் எச்சரிக்கை ஸ்டிக்கர் வந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய ஆல்பத்தை அப்போது வால்மார்ட் விற்கவில்லை. ஆகவே கம்பெனிகள் முழு ஆல்பத்தையும் 'கிளீன்' ஆக்கித் தனியாக அச்சடித்தன. 2009-ல் கிரீன் டே குழு அப்படிச் செய்ய மறுத்ததால் அந்த ஆல்பம் வால்மார்ட்டுக்குள் போகவில்லை.

ஆக, வெட்டிய பதிப்பு என்பது ஒரு கடைச்சரக்கு. ஒரிஜினல் ஒரு பக்கம், கழுவியது ஒரு பக்கம், இரண்டும் வெளிப்படையாக விற்பனையில். கடைசிப் பகுதிக்கு இது தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விதக் கத்தரி

ஒலிப்பொறியாளர்கள் செய்யும் 'நல் டெஸ்ட்' என்று ஒரு எளிய சோதனை உண்டு. ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளை ஆடாசிட்டி மாதிரி மென்பொருளில் மேலும் கீழும் வைத்து, துல்லியமாக நேரம் பொருத்தி, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கிக் கூட்ட வேண்டும். ஒரே மாதிரி இருக்கும் எல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், வித்தியாசம் மட்டும் மிஞ்சும். நமக்கு டிஃப் பார்ப்பது பழகிய வேலைதானே.

ஒரு ராப் ஆல்பத்தின் இரண்டு பதிப்புகளையும் சிடியிலிருந்து எடுத்து இதைச் செய்தேன். (எம்பி3-யில் செய்தால் சரியாக அழியாது, கரகரவென்று ஒரு கசடு தங்கும்.) தாளம் போச்சு, பேஸ் போச்சு, கோரஸ் போச்சு. நாலு நிமிஷ நிசப்தத்தில் அங்கங்கே தனியாக ஒரு கெட்ட வார்த்தை மட்டும் தெளிவாகக் கேட்டது. குழந்தைகளைக் காப்பாற்றச் செய்த பதிப்பிலிருந்து, கெட்ட வார்த்தைகள் மட்டுமே உள்ள பதிப்பைப் பத்து நிமிஷத்தில் பிரித்து எடுத்துவிடலாம்.

மிஞ்சுவதை வைத்துக் கத்தரியின் வகையும் தெரியும். வார்த்தை சுத்தமாகத் தனித்து வந்தால், குரல் டிராக்கை மட்டும் அந்த இடத்தில் மௌனமாக்கியிருக்கிறார்கள். குழறலாக வந்தால், வார்த்தையைத் திருப்பிப் போட்டோ, மேலே வேறு சத்தம் ஒட்டியோ இருக்கிறார்கள். இரண்டு வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கேட்டால், பாடகரே மறுபடி பாடியிருக்கிறார். மௌனம், மூடல், மறுபாடல். விமர்சனம் என்று பார்த்தால் மூன்றுக்கும் மூன்று அளவுகோல் வேண்டும்.

பீப் மறைக்கிறதா, காட்டுகிறதா?

1970-ல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை வெளியிட்டார். பதிவு செய்த ஒரு வாக்கியத்தில், ஒரு சொல்லின் நடுவிலிருந்து 'ஸ்' ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். மிச்சம் ஒருவர் விடுபட்டதாகக் காட்டியதும் தப்பான இடம். இல்லாத 'ஸ்' அவர்கள் காதில் நிஜமாகவே கேட்டது. அதே இடத்தில் வெறும் மௌனத்தை விட்டபோது மட்டும் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்தார்கள்.

ஒரு ஒலி காணாமல் போனால் மூளை சும்மா விடாது. மேலே ஏதாவது சத்தம் இருந்தால் 'ஒலி இருக்கிறது, சத்தம் மறைத்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டு நிரப்பிவிடும். ரேடியோ வெட்டுகளில் பெரும்பாலும் முதல் மெய்யையும் கடைசி மெய்யையும் விட்டுவிட்டு நடுவைத்தான் தேய்க்கிறார்கள். அதாவது மூளை நிரப்புவதற்கு வாகான அளவுக்கு. நம்ம ஊர் தியேட்டரில் வசனத்தை மியூட் செய்ததும் வாயசைவைப் பார்த்தே பின்வரிசை அந்த வார்த்தையை உரக்கச் சொல்லிவிடுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

மூளையின் இந்தப் பழக்கம் எதுவரைக்கும் போகும் என்பதற்கு 'லூயி லூயி' சாட்சி. 1963-ல் கிங்ஸ்மென் குழு பாடிய இந்தப் பாட்டின் வரிகளில் ஆபாசம் எதுவும் கிடையாது. கரீபியன் சாயலில் ஒரு மாலுமி தன் காதலியை நினைத்துப் பாடுவது. ஆனால் பதிவில் வார்த்தைகள் குழறலாக இருந்தன. தெளிவில்லாத இடத்தில் எல்லாம் அமெரிக்க இளைஞர்கள் தங்கள் கற்பனையை நிரப்பினார்கள், பெற்றோர் பயந்தார்கள், எஃப்பிஐ விசாரித்தது. தட்டை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிட்டுக் கேட்டும் வார்த்தைகள் புரியவில்லை என்றுதான் முடிவு எழுத முடிந்தது.

அதனால் மௌனமும் பீப்பும் என் கணக்கில் கடைசி இடம். அவை வார்த்தையை மறைப்பதில்லை, அதற்கு அடிக்கோடு போடுகின்றன. போதாததற்கு, ராப்பில் குரல்தான் தாளமே. ஓர் அசை போனால் மத்தளத்தில் ஓர் அடி போன மாதிரி.

மறுபடி பாடியவை

மூன்றாவது வகைதான் சுவாரஸ்யம். சீ லோ பாட்டுக்கே திரும்புவோம். அந்த இசை 1960-களின் மோட்டவுன் பாணி. வெயில் காலையில் கைதட்டிக்கொண்டே போகிற மாதிரி. அந்தக் குதூகலத்துக்கு மேல் அசிங்கமான திட்டு வந்து விழும்போதுதான் சிரிப்பு, சிரிப்புக்குக் கீழே அவனுடைய வலி. 'ஃபர்கெட்' வந்ததும் இசையும் சொல்லும் ஒரே பக்கம் சாய்ந்துவிடுகின்றன. வசவு ஒரே அசை, குத்து மாதிரி விழும். 'ஃபர்கெட்' இரண்டு அசை, குத்துவதற்குப் பதில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறது. தோற்றவனின் பாட்டு தேறியவனின் பாட்டாகிவிட்டது. அது கெட்ட பாட்டு இல்லை, வேறு பாட்டு. டிவி தொடரான 'க்ளீ'யில் க்வினெத் பால்ட்ரோ அதைச் சிரித்த முகத்தோடு பாட முடிந்ததே அதனால்தான்.

ரேடியோஹெட்டின் 'கிரீப்' (1992) எதிர்த்திசையில் போகிறது. அதன் ரேடியோ பதிப்பில் வசவுக்குப் பதில் 'வெரி'. உலகத்திலேயே சப்பையான சொல். ஆனால் எனக்கு இந்தப் பதிப்பும் நிற்கிறது. காரணம் ஜானி கிரீன்வுட்டின் கிட்டார். கோரஸுக்கு முன்னால் கர்ரக் கர்ரக் என்று அது கிழிக்கும் இரண்டு இழுப்பிலேயே எல்லா வசவும் வந்துவிடுகிறது. ஒரிஜினலில் அவளை வியக்கும்போதே அவள் மேல் ஒரு எரிச்சல். ரேடியோ பதிப்பில் எரிச்சல் முழுக்கத் தன் மேல். பாட்டின் கோபம் வார்த்தையில் மட்டும் இருந்தால் வெட்டியதும் போய்விடும், இசையிலும் இருந்தால் தாங்கும்.

கத்தரி எவ்வளவு குருடு என்பதற்கு கிங்க்ஸ் குழுவின் 'லோலா' (1970). மதுக்கூடத்தில் ஓர் இளைஞன் லோலாவைச் சந்தித்து மயங்குகிறான், லோலா பெண்ணா ஆணா என்ற குழப்பம்தான் பாட்டே. அந்தக் காலத்து பிபிசி இதை எதிர்த்திருக்கும் என்றுதானே நினைப்போம்? பிபிசி எதிர்த்தது 'கோகா கோலா' என்ற சொல்லை. விளம்பரம் கூடாது என்பது அவர்கள் விதி. ரே டேவிஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே லண்டனுக்குப் பறந்துவந்து அதை 'செர்ரி கோலா' என்று மாற்றிப் பாடினார். பட்டியலை வைத்துத் தேடினால் பட்டியலில் உள்ளதுதான் அகப்படும். ரீஜெக்ஸ் எழுதிப் பழகியவர்களுக்கு இது புதுசில்லை.

வசவு வேறு, இழிசொல் வேறு

இதுவரைக்கும் சொன்னதில் நான் ஒரிஜினல் பக்கம் சாய்கிறேன் என்று தோன்றலாம். ஆனால் சில வார்த்தைகள் வசவு இல்லை, ஒரு கூட்டத்தையே குறிவைக்கும் இழிசொல். சீ லோவின் வசவு யாரோ ஒருத்தனுக்கு. இழிசொல் பாட்டுக்கு வெளியே ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பவர் மேலும் விழும்.

போக்ஸ் குழுவும் கர்ஸ்டி மெக்காலும் பாடிய 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' (1987) பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வருஷா வருஷம் ஒலிக்கும் கிறிஸ்துமஸ் பாட்டு. நொடிந்துபோன ஒரு ஜோடி ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள். அவள் திட்டுவதில் ஒன்று தன்பாலீர்ப்பு ஆண்களைக் குறிக்கும் இழிசொல். 2007 டிசம்பரில் பிபிசி ரேடியோ 1 அதை மங்கலாக்கியது, எதிர்ப்பு வந்ததும் அன்றே பின்வாங்கியது. 2020-ல் ரேடியோ 1 மாற்றுவரி உள்ள பதிப்பையும், ரேடியோ 2 ஒரிஜினலையும் ஒலிபரப்பின. பாட்டை எழுதியவர்களில் ஒருவரான ஷேன் மெக்கோவனே, அந்தப் பாத்திரம் அப்படித்தான் பேசும், ஆனாலும் ரேடியோ பீப் போட்டால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்ற மாதிரிச் சொல்லியிருந்தார்.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'மனி ஃபார் நத்திங்' (1985) இன்னும் சிக்கல். எலக்ட்ரிக் சாமான் கடையில் மூட்டை தூக்கும் ஒருத்தன் டிவியில் ராக் பாடகர்களைப் பார்த்துப் பொறாமையில் பொருமுகிறான். அதே இழிசொல் ஒரு சரணத்தில் மூன்று முறை வருகிறது. ஒரு நேயரின் புகாரால் 2011 ஜனவரியில் கனடாவின் ஒலிபரப்புத் தர மன்றம், ஒரிஜினல் பதிப்பு தனியார் வானொலிகளுக்கு ஏற்றதல்ல என்றது. கண்டனம் கிளம்பியது, அதே ஆகஸ்டில் முடிவை நிலையங்களிடமே விட்டுவிட்டது.

விமர்சகனாக எனக்கு அந்தச் சரணம் தேவை. அவன் வெறும் வேடிக்கை ஆள் இல்லை, சின்ன புத்திக்காரன் என்று காட்டும் இடம் அது. அது போனால் நையாண்டி பாதி போச்சு. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் நையாண்டியை ரசிக்க டிக்கெட் வாங்கவில்லை. ரேடியோ நாம் கூப்பிடாமல் காதில் விழுவது. அங்கே வெட்டட்டும். அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுக் கேட்பவருக்கு முழுசும் கிடைக்கட்டும். இரண்டு பதிப்பு என்ற பழைய ஏற்பாட்டின் பலம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

சத்தமில்லாத வெட்டு

அந்த ஏற்பாடுதான் இப்போது கலைகிறது. 2022 ஜூனில் லிஸ்ஸோ வெளியிட்ட 'கேர்ள்ஸ்' பாட்டில், தசை இறுக்க நோய் உள்ளவர்களைக் கேலி செய்யும் ஒரு சொல் இருந்தது. மாற்றுத்திறனாளிகள் சுட்டிக்காட்டினார்கள், சில நாளில் அவர் மாற்றிப் பாடி வெளியிட்டு, காரணத்தையும் அறிவித்தார். ஆகஸ்டில் பியான்சேயின் 'ஹீட்டட்' பாட்டிலும் அதே சொல், அதே மாற்றம். பக்கத்திலேயே 'எனர்ஜி' பாட்டில் கெலிஸ் ஆட்சேபித்த ஒரு பகுதியும் காணாமல் போனது.

மாற்றியது தப்பு என்று சொல்ல மாட்டேன். புண்படுகிறவர்கள் சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொள்ளக் கலைஞருக்கு எல்லா உரிமையும் உண்டு. என் வருத்தம் மாற்றிய விதத்தில். ஸ்ட்ரீமிங்கில் அதே பெயர், அதே அட்டைப்படம், உள்ளே மட்டும் வேறு கோப்பு. திருத்திய பதிவுக்குத் தனி ஐஎஸ்ஆர்சி எண் வேண்டும் என்பது விதி, ஆனால் நமக்குத் தெரியும் திரையில் அந்த எண் எங்கே இருக்கிறது? எது எப்போது மாறியது என்ற ஒரு வரிக் குறிப்புகூட இல்லை. ஹிஸ்டரியே இல்லாமல் புரொடக்‌ஷனில் நேராக எழுதுவதை எந்த டீமிலும் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

இருபது வருஷம் கழித்து ஒருவர், 2022-ல் ஒரு சொல் எப்படிச் சாதாரணமாகப் புழங்கியது, யார் எதிர்த்தார்கள், எப்படி மாறியது என்று எழுத நினைத்தால் சாட்சி வேண்டும். திருத்தியதைப் பாராட்டவும் அந்தச் சாட்சி வேண்டுமே. 'லோலா'வுக்கு இரண்டு பதிப்பும் இருப்பதால்தான் பிபிசியை இன்று சிரிக்க முடிகிறது.

டெய்லர் ஸ்விஃப்ட் 2023-ல் தன் 2010 ஆல்பத்தை மறுபதிவு செய்தபோது 'பெட்டர் தேன் ரிவெஞ்ச்' பாட்டில் ஒரு வரியை மாற்றினார். புதுசின் பெயரிலேயே அது தன்னுடைய பதிப்பு என்று எழுதியிருக்கிறது, பழசும் பக்கத்திலேயே கிடைக்கிறது. இரண்டையும் கேட்டுவிட்டு மாற்றம் தேவையா என்று ரசிகர்கள் சண்டை போட முடிந்தது.

கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. மாற்றுங்கள், 'திருத்தியது' என்று தேதியோடு எழுதுங்கள், தேடிப் போகிறவருக்குப் பழசையும் வையுங்கள். அதுவரை, வீட்டில் பழைய சிடி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஸ்ட்ரீமிங்கில் இருப்பது அதேதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் உள்ளது அதுதான்.