சிற்பமும் சில்லும்: சிசிட்டாலியா 202 பற்றிய ஒரு மதிப்பீடு

இயந்திரம் கலையாகுமா என்னும் வினாவுக்கு, 1951இல் எட்டு மோட்டார்க் கார்களைக் காட்சிக்கு வைத்ததன் வாயிலாக விடையளிக்க முயன்றது நியூ யோர்க் நவீன கலை நூதனசாலை. அவற்றுள் ஒன்றான இத்தாலியச் சிசிட்டாலியா 202, 1972இல் அதன் நிரந்தரச் சேகரிப்பிலும் இடம்பெற்றது. காட்சியை அமைத்த ஆதர் ட்ரெக்ஸ்லர், கார்களை உருண்டோடும் சிற்பங்களாகவே கண்டார். இந்நோக்கு எத்துணைப் பொருத்தமுடையது என்பது ஆராயத்தக்கது.

உருவத்தைப் பொறுத்தவரை அக்கூற்றில் உண்மை உண்டு. போருக்கு முந்திய கார்கள் பெரும்பாலானவற்றில் பொனற், மட்காட், விளக்கு என்பன தனித்தனியே பொருத்தப்பட்ட உறுப்புகளாய்த் தோன்றின. பினின் பரீனாவின் பட்டறை அவற்றை ஒரே தோலாக இணைத்தது. பொனற் மட்காட்டுகளிலும் தாழ்ந்தது, விளக்குகள் உடலினுள் அமிழ்ந்தன, அலங்காரம் அருகியது.

ஆயின், இவ்வுருவம் அழகுணர்ச்சியிலிருந்து மட்டும் பிறந்ததன்று. போரினால் நலிந்த இத்தாலியில், தூரின் நகரத் தொழிலதிபர் பியரோ டூசியோவின் நிறுவனம் சாதாரண பியற் 1100 காரின் உறுப்புகளையே பெரிதும் நம்பியிருந்தது. எஞ்சினின் கொள்ளளவு 1,089 கன சென்ரிமீற்றர் மட்டுமே. வலுக்குறைந்த எஞ்சின் விரைய வேண்டுமாயின் உடல் இலேசானதாகவும் காற்றுக்கு இசைந்ததாகவும் அமைதல் வேண்டும். 1947ஆம் ஆண்டு மில்லே மிலியா போட்டியில் நுவொலாரி திறந்த வகைச் சிசிட்டாலியாவில் இரண்டாமிடம் பெற்றமை இவ்விசைவின் பயனை உணர்த்தும். இல்லாமையே இங்கு எளிமையின் தாய்.

இவ்வரலாற்றை நீக்கிவிட்டு உருவத்தை மட்டும் போற்றுவது அரைகுறைத் திறனாய்வாகும். நூதனசாலை பினின் பரீனாவையே வடிவமைப்பாளராகக் குறிக்கிறது. தொடக்க வரைவுகளில் பங்குகொண்ட பொறியியலாளர் சவொனுட்சியும், அலுமினியத் தகட்டைக் கையால் அடித்து வளைத்த தொழிலாளரும் அப்பெயரின் பின்னே மறைகின்றனர். கைவேலையின் அருமையே காரின் விலையையும் உயர்த்தியது. ஏறத்தாழ 170 கார்களே உருவாகின. எளிய உறுப்புகளிற் பிறந்த வண்டி எளியோர்க்கு எட்டாததாயிற்று. போர்ஷ் குழுவினர் வடிவமைத்த பந்தயக் காருக்கான பெருஞ்செலவு நிறுவனத்தையும் வீழ்த்தியது.

எனினும் அதன் தாக்கம் அழியவில்லை. பின்வந்த இத்தாலிய விளையாட்டுக் கார்களுக்கு அவ்வொருமைப்பட்ட உடல் ஓர் இலக்கணமாயிற்று. ஆகவே சிசிட்டாலியா சிற்பமே. ஆனால் சில்லினாலும் சுத்தியலாலும் உருப்பெற்ற சிற்பம். அவ்விரண்டையும் மறந்து அதன் அழகை விளக்க முற்படும் திறனாய்வு, விளைவைக் கண்டு காரணத்தைக் காணாததாகவே அமையும்.