கடைசியர் பாட்டு யார் கணக்கில்?

எங்க மாகறலுக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று உண்டு. மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. முதல் பாட்டிலேயே, கழனியில் உழைக்கும் கடைசியரின் பாட்டுச் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்தை ஓதுவார் சந்நிதியில் ஓதலாம். ஆனால் சேரிக்காரர்கள் கோயிலுக்குள் போகும் உரிமை, சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டமாக வந்தது 1947இல்தான். பாட்டு உள்ளே போச்சு, பாடினவ வெளியே நின்னா.

இந்தப் பழைய கணக்கை ஞாபகப்படுத்தியது 'எஞ்சாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வந்த பாட்டு. எழுதிப் பாடிய அறிவு, பக்கத்து அரக்கோணத்துப் பிள்ளை. தேயிலைத் தோட்டத்தில் உழைத்தும் நிலமில்லாமல் போன பாட்டியின் கதைதான் அதன் உயிர். ஆண்டையைக் கும்பிட்டுச் சொன்ன 'சாமி', பேரப்பிள்ளையைக் கொஞ்சுகிற 'எஞ்சாமி'யாக அதில் திரும்பிவிடுகிறது. இது சாதாரண வேலையில்லை. ஒப்பாரி எழும்பும் இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்தத் தாளத்தின் இனிப்பு, துக்கத்தைச் சீக்கிரமே மூடிவிடுகிறது என்பது என் குறை. ஊர்த்தெருக் கல்யாணத்திலும் இதுக்கு ஆடினாங்க. ஆடினவன் எவனும் நிலத்தைப் பத்தி யோசிச்சதா நான் பாக்கல.

அப்புறம் நடந்தது தெரிந்ததே. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இந்தியப் பதிப்பின் அட்டையில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் பாட்டு இருந்தது, அவர் இல்லை. மெட்டும் சொல்லும் தன்னுடையவை என்று அறிவு எழுதினார். கூட்டு உழைப்பு என்றார் சந்தோஷ் நாராயணன். 2024 மார்ச்சில் அவரே, தீ உள்பட மூவருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்றார். அப்படியானால் சண்டை இரண்டு கலைஞர்களுக்குள் மட்டும் இல்லை, தோழர்களே.

தொண்ணூறுகளில் நாம் வாதாடினோம்: சாவுக்கு அடிக்கும் பறையைத் தூக்கி எறிவதா, மேடைக்குக் கொண்டுபோவதா? கே.ஏ. குணசேகரன் மேடைக்குக் கொண்டுபோனார். எங்கப்பா பரண்மேல போட்டுட்டார். இரண்டுமே கலகம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் மேடை யாருடையது, கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்வியை நாம் அன்று அழுத்திக் கேட்கவில்லை.

ஒருமுறை டேப் ரெக்கார்டரோடு வந்த ஒருத்தர், ஆயாவிடம் மத்தியானம் முழுக்க நடவுப் பாட்டு பதிஞ்சிக்கினு போனார். அவர் போனபின் ஆயா கேட்டது:

"இன்னாடா, எம் பேர கேக்கவே இல்லியே அவன்?"