தெற்கே இருந்து பார்த்தால்

ஆசியப் பாதுகாப்பு ஆய்வில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் புத்தகம், பாரி புசான், ஓலே வேவர் எழுதிய 'ரீஜன்ஸ் அண்ட் பவர்ஸ்' (2003). பக்கத்து நாடுகளின் பாதுகாப்பு ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் என்கிறது. சரிதான். ஆனா தெற்காசியாவின் அச்சு இந்தியா–பாகிஸ்தான் பகை என்பதுதான் இடிக்குது.

எங்க ஊர் மணிமங்கலத்தில் ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை வென்றான். கூரம் செப்பேடு சொல்கிறது. சாளுக்கியப் பகையில் அவனுக்குத் துணைநின்றவன் இலங்கை இளவரசன் மானவர்மன். கைம்மாறாகப் பல்லவப் படை கடல் தாண்டிப்போய் அவனை அரியணை ஏற்றியது என்கிறது சூளவம்சம்.

1987-இல் இலங்கை இந்திய அமைதிப்படையை ஏற்றது. 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டு குத்தகைக்கு விட்டது. 2022-இல் இந்தியா கவலை தெரிவித்தும் 'யுவான் வாங் 5' கப்பல் அங்கே நின்றது.

சின்ன நாடு யாரைக் கூப்பிடுகிறது என்பதும் ஒரு பலம். பகையை மட்டும் அச்சாக வைத்தால் அது கணக்கில் வராது.