கடையும் கெடாயும்: ஒரு சொல்லின் பொருளெல்லை

சிராங்கூன் சாலையில் நாள்தோறும் ஒலிக்கும் 'கடை' என்னும் சொல், சங்க இலக்கியத்தில் வாயிலையும் இறுதியையுமே பெரிதும் சுட்டும். வணிக இடத்தை மதுரைக்காஞ்சி நாளங்காடி, அல்லங்காடி என்றே குறிக்கிறது. 'புழக்கடை' என்பதில் அப்பழம்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது.

மலாயில் இச்சொல் 'கெடாய்' ஆயிற்று. மலையாளம் 'கட' என முடிக்க, தெலுங்கும் கன்னடமும் 'அங்கடி' என வழங்குவதால், ஐகார ஈறு தமிழ்வழிக் கடனையே காட்டுகிறது. எனினும் பொருளெல்லை ஒன்றன்று. மலேசியாவில் எல்லாக் கடைக்கும் பொதுவான அச்சொல், இந்தோனேசியாவில் சீனவழி வந்த 'தோக்கோ'வுக்கு இடம்விட்டுப் பெரும்பாலும் சிறுகடையையும் உணவுக்கடையையும் குறிக்கிறது.

சிங்கப்பூரில் 'உணவங்காடி நிலையம்' எனப் பழஞ்சொல்லை மீட்டோம். மக்கள் வழக்கில் 'கோப்பிக்கடை' நிலைத்தது. முன்னது செந்தமிழ், பின்னது கொச்சை எனப் பிரித்தல் பொருந்தாது; கடல்கடந்து வேரூன்றியது 'கடை'யே. கடன்சொல்லைப் பெருமைக்குச் சான்றாக்குவதினும், அதன் பொருள்மாற்றத்தைக் கற்பித்தலே மாணவர்க்குப் பயன்தரும்.